மால்கம் ஆதிசேசையா

மால்கம் சத்தியநாதன் ஆதிசேசையா (ஏப்ரல் 18, 1910 – நவம்பர் 21, 1994) வளர்ச்சிப் பொருளியலாளர், கல்வியாளர். யுனெஸ்கோ அமைப்பின் துணைத் தலைமை இயக்குநர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், மாநிலங்களவையின் நியமன உறுப்பினர் ஆகிய பொறுப்புகளை வகித்தவர். சென்னை அடையாறு காந்தி நகரில் இயங்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை 1971இல் தம் மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து நிறுவினார். மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்வி குறித்து 1978இல் வெளிவந்த 'செய்யக் கற்றல்' என்னும் தேசிய அறிக்கை இவர் தலைமையில் உருவானது. யாருக்குக் கல்வி கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை ஒரு நாட்டின் பொருளாதாரத்தின் அடிப்படைக் கேள்வியாக வாழ்நாள் முழுவதும் எழுப்பியவர்.

பிறப்பு, கல்வி

ஆதிசேசையா வேலூரில் கல்விப் பின்னணி கொண்ட கிறித்துவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பால் வாரணாசி ஆதிசேசையா வேலூர் வூர்ஹீஸ் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் இளமையில் படித்த கல்லூரி அது. வேலூரில் பள்ளிக் கல்வியை முடித்த ஆதிசேசையா, சென்னை லயோலா கல்லூரியில் பொருளியல் பயின்றார். பின்னர் இங்கிலாந்து சென்று இலண்டன் பொருளியல் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் சென்னையில் பொருளியல் ஒரு தனித்துறையாக வளரத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். அவர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், உணவு, உடை ஆகியவை பற்றிய விவரங்களைத் திரட்டச் செய்தார். பாடநூலில் உள்ள கோட்பாட்டைக் கிராமத்துக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம் சென்னைப் பொருளியலின் அடையாளமாக இருந்தது. ஆதிசேசையா பிற்காலத்தில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் இந்த மரபையே மீண்டும் கையில் எடுத்துக்கொண்டது.

ஆசிரியப் பணி

ஆதிசேசையாவின் முதல் பணி கல்லூரி ஆசிரியப் பணி. கல்கத்தாவில் உள்ள செயின்ட் பால்ஸ் கதீட்ரல் மிஷன் கல்லூரியில் 1930 முதல் 1936 வரை விரிவுரையாளராக இருந்தார். இலண்டனிலிருந்து திரும்பியபின் 1940 முதல் 1946 வரை சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் பணியாற்றினார். அக்கல்லூரி 1937இல்தான் சென்னை நகரின் நடுப்பகுதியிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியிருந்தது. கல்லூரியைச் சுற்றிலும் ஏரிப் பாசனக் கிராமங்கள் இருந்தன.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பல இடிபாடுகளாகக் கிடந்தன. அகதிகளான மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உதவுவதற்காகச் செனீவாவில் இயங்கிய அனைத்துலக மாணவர் சேவை அமைப்பில் 1946இல் ஆதிசேசையா சேர்ந்தார். அங்கிருந்து 1948இல் பாரிசுக்குச் சென்று யுனெஸ்கோ பணியை ஏற்றார்.

யுனெஸ்கோவில் 22 ஆண்டுகள்

ஆதிசேசையா சேர்ந்தபோது யுனெஸ்கோ தொடங்கி மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. ஐக்கிய நாடுகள் அவை புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி அளிக்கும் விரிவான திட்டம் ஒன்றை 1950இல் செயல்படுத்தத் தொடங்கியது. யுனெஸ்கோவில் அத்திட்டத்தை நடத்தும் பொறுப்பு ஆதிசேசையாவிடம் வந்தது. 1955இல் உதவித் தலைமை இயக்குநராகவும் 1963இல் துணைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். தலைமை இயக்குநர் ரெனே மாவுக்கு அடுத்த நிலையில் 1970 வரை இருந்தார்.

தொழில்நுட்ப உதவி என்றால் பணக்கார நாட்டு நிபுணர் ஒருவர் ஏழை நாட்டுக்கு வந்து சில மாதம் தங்கி அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது என்ற வழக்கம் தொடக்கத்தில் இருந்தது. நிபுணர் போனபிறகும் அந்த நாட்டில் வேலையைத் தொடர ஆள் வேண்டும், அதற்குக் கல்வி நிலையங்கள் வேண்டும் என்பது ஆதிசேசையாவின் நிலைப்பாடு. இந்தியாவில் இதற்குச் சிறந்த சான்று பம்பாயில் 1958இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம். சோவியத் ஒன்றியம் யுனெஸ்கோவுக்கு அளித்த நிதியைக் கொண்டு கருவிகளும் ஆசிரியர்களும் அங்கு வந்து சேர்ந்தனர்.

அதே காலத்தில் கல்வி குறித்த பொருளியலாளர்களின் பார்வையும் மாறிக்கொண்டிருந்தது. அதுவரை அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் கல்வி ஒரு நலச்செலவு. அணைக்கும் ஆலைக்கும் போட பணம் மிஞ்சினால் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. அமெரிக்கப் பொருளியலாளர் தியோடர் ஷூல்ட்ஸ் 1960இல் ஆற்றிய உரையில் கல்வியை மனித மூலதனத்தில் இடும் முதலீடு என்று விளக்கினார். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் நேரடியாகப் பணியாற்றிய ஆதிசேசையாவும் கல்வியை முதலீடாகக் கருதியவர்தான். ஆனால் அதன் பயனை வருமான உயர்வால் மட்டும் அளந்துவிட முடியாது என்றார். படித்தவர் கூடுதல் கூலி பெறுகிறார் என்பது ஒரு பயன். தம் நிலையை உணர்ந்து அதை மாற்ற முயல்கிறார் என்பது அதனினும் பெரிய பயன் என்பது அவர் கருத்து.

இக்காலத்தில் யுனெஸ்கோ நடத்திய மாநாடுகள் பல நாடுகளின் பள்ளிக்கல்வித் திட்டங்களுக்கு வழிகாட்டின. ஆசிய நாடுகளின் கராச்சித் திட்டம் (1960), 1980ஆம் ஆண்டுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏழு ஆண்டு இலவசக் கட்டாயக் கல்வி என்ற இலக்கை வகுத்தது. ஆப்பிரிக்க நாடுகளுக்கான மாநாடு 1961இல் அடிஸ் அபாபாவில் நடந்தது. கல்வித் திட்டமிடலுக்கான அனைத்துலக நிறுவனம் 1963இல் பாரிசில் தொடங்கியது. பின்னாளில், 1980களில், ஆதிசேசையா அதன் ஆட்சிக்குழுத் தலைவராக இருந்தார்.

எழுத்தறியாமையை ஒழிப்பது குறித்துக் கல்வி அமைச்சர்களின் உலக மாநாடு 1965 செப்டம்பர் 8 அன்று டெகரானில் தொடங்கியது. பள்ளிகளில் ஆண்டுதோறும் கொண்டாடப்படும் உலக எழுத்தறிவு நாள் அந்தத் தேதியை ஒட்டி அமைந்ததே. அதைத் தொடர்ந்து, இந்தியா உள்ளிட்ட 11 நாடுகளில் 'செயல்முறை எழுத்தறிவு' என்ற சோதனைத் திட்டம் நடந்தது. அகர வரிசையோடு நின்றுவிடாமல், உழவருக்கு உரமூட்டையின் மேல் உள்ளதைப் படிக்கவும், விதைக் கணக்கு எழுதவும், கூட்டுறவுச் சங்க ரசீதைச் சரிபார்க்கவும் கற்றுத்தருவது அதன் நோக்கம். எதிர்பார்த்த அளவு பலன் கிடைக்கவில்லை என்று 1976இல் யுனெஸ்கோவின் மதிப்பீடே ஒப்புக்கொண்டது. எனினும், எழுத்தறிவு தொழிலோடும் வாழ்க்கையோடும் இணைந்திருக்க வேண்டும் என்ற கருத்து நிலைத்தது.

யுனெஸ்கோவை விட்டு வரும் ஆண்டில், 1970இல், 'என் நாடு விழித்தெழட்டும்' என்று பொருள்படும் தலைப்பில் ஆதிசேசையாவின் ஆங்கில நூல் வெளியானது. இரவீந்திரநாத் தாகூரின் கவிதையிலிருந்து தலைப்பை எடுத்திருந்தார். வளர்ச்சியில் மனிதரின் பங்கு என்ன என்பதே அந்நூலின் பொருள்.

அடையாற்றில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம்

அனைத்துலக அமைப்பில் அத்தனை உயர்ந்த பதவியில் இருந்தவர் ஓய்வுபெற்றபின் ஐரோப்பாவிலேயே தங்கிவிடுவது இயல்பு. ஆதிசேசையா 60 வயதில் சென்னைக்குத் திரும்பினார். அடையாறு காந்தி நகர் இரண்டாவது பிரதான சாலையில் இருந்த தம் இல்லத்தில் 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு ஆதிசேசையா இணையர் தங்கள் சேமிப்பையும் வழங்கினர்.

அந்த ஆண்டு இந்தியப் பொருளியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. 'வறுமையே வெளியேறு' என்ற முழக்கத்துடன் நாடாளுமன்றத் தேர்தல் நடந்த ஆண்டு அது. இந்தியாவில் எத்தனை பேர் வறுமையில் வாழ்கின்றனர் என்று கணக்கிட்ட தாண்டேகர், நீலகண்ட ரத் ஆகியோரின் ஆய்வும் அதே ஆண்டில் நூலாக வந்தது. தமிழ்நாட்டில் மாநிலத் திட்டக்குழு அமைந்ததும் 1971இல்தான். திட்டக்குழுவில் பங்கேற்ற ஆதிசேசையா, 1972 முதல் 1984 வரையிலான தொலைநோக்குத் திட்டத்துக்காகக் கல்வி, அறிவியல், தொழில்நுட்பம் பற்றிய பணிக்குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளில் முதன்மையான பணி கருத்தரங்கும் அறிக்கையும்தான். மாநில அரசின் அதிகாரிகள், கல்லூரி ஆசிரியர்கள், தொழில் துறையினர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து தமிழ்நாட்டின் பொருளாதாரத்தை விவாதித்தனர். அங்கு படிக்கப்பட்ட கட்டுரைகள் செய்தி மடலாக அச்சாயின.

1977இல் நிறுவனத்தின் அமைப்பு மாறியது. இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் தமிழ்நாடு அரசும் இணைந்து நிதியளிக்கும் தேசிய நிறுவனமாக அது ஆனது. தாம் தொடங்கிய நிறுவனத்தை ஆதிசேசையா தம் கைக்குள் வைத்துக்கொள்ளவில்லை. இயக்குநர் பொறுப்பு 1978இல் சி. டி. குரியனிடம் சென்றது. குரியன் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக இருந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆதிசேசையா தலைமை வகித்த அதே துறையிலிருந்து வந்தவர்.

குரியனின் காலத்தில் நிறுவனம் முழுமையான ஆய்வு மையமாக வளர்ந்தது. 1950 முதல் 1975 வரை தமிழ்நாட்டு ஊர்ப்புறத்தில் நிகழ்ந்த மாற்றத்தைக் குரியன் ஆராய்ந்து 1981இல் நூலாக வெளியிட்டார். விளைச்சல் பெருகிய அதே காலத்தில் நிலமற்ற கூலியாட்களின் நிலை ஏன் உயரவில்லை என்பது அவர் எழுப்பிய கேள்வி. தமிழ்நாடு அரசின் நிதிச் செயலராக இருந்த எஸ். குகன் நிறுவனத்தில் சேர்ந்து, சமூகப் பாதுகாப்பு, மத்திய மாநில நிதி உறவு, நீர்ப்பங்கீடு ஆகியவை குறித்து எழுதினார். வரலாறு, அரசியல், பண்பாடு ஆகிய துறைகளுக்கும் ஆய்வு விரிந்தது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் போன்ற ஆய்வாளர்கள் அங்கு பணியாற்றினர். 1988இல் நிறுவனம் வெளியிட்ட தமிழ்நாட்டுப் பொருளாதாரம் பற்றிய தொகுப்பு பல ஆண்டுகள் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் அடிப்படை நூலாக இருந்தது.

ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த கிராமங்களை இந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1980களில் மீண்டும் ஆராய்ந்தனர். பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் 1930களில் செய்த மறு ஆய்வும் கைவசம் இருந்ததால், ஒரே ஊரைப் பற்றி எழுபது ஆண்டுக் கணக்கு கிடைத்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இருவேல்பட்டு அவற்றுள் ஒன்று. ஒரு பெரும் நிலக்கிழார் குடும்பத்தின் செல்வாக்கில் இருந்த ஊர் அது. குகனும் அமெரிக்க மானுடவியலாளர் ஜோன் மென்ச்சரும் அவ்வூரைப் பற்றி 1983இல் எழுதினர். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு யார் வீட்டுப் பிள்ளைகள் போகின்றனர் என்ற கேள்விகளைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பதிவுசெய்த ஊர்கள் இந்தியாவில் மிகச் சிலவே.

துணைவேந்தர்

ஆதிசேசையா 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராகப் பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்குத் துணைநின்றவர் அவர். பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்கள் 1982இல் தோன்றும்வரை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி வட்டாரக் கல்லூரிகளும் சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே உட்பட்டிருந்தன. சேலத்தில் இருந்தாலும் தஞ்சாவூரில் இருந்தாலும் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள், ஆண்டுக்கு ஒரே தேர்வு என்பதே நடைமுறை.

இதை மாற்ற வேண்டும் என்பதில் ஆதிசேசையா உறுதியாக இருந்தார். பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கே பாடத்தை வகுக்கவும் மாணவரை மதிப்பிடவும் உரிமை வேண்டும் என்றார். கோத்தாரிக் கல்விக் குழு (1964–66) பரிந்துரைத்த தன்னாட்சிக் கல்லூரி முறையைத் தமிழ்நாட்டில் நடைமுறைக்குக் கொண்டுவர முன்னின்றார். இலயோலா, சென்னைக் கிறித்துவக் கல்லூரி, கோவை பூ. சா. கோ. கலை அறிவியல் கல்லூரி ஆகியவை 1978இல் தன்னாட்சி பெற்ற முதல் கல்லூரிகளுள் அடங்கும்.

இம்முறைக்குக் கல்லூரி ஆசிரியர் அமைப்புகளிடமிருந்து கடும் எதிர்ப்பும் எழுந்தது. தன்னாட்சி உண்மையில் ஆசிரியருக்குக் கிடைக்குமா, நிர்வாகத்துக்குக் கிடைக்குமா என்று அவர்கள் கேட்டனர். உள்மதிப்பெண் வழங்குவதில் பாரபட்சம் நேரலாம் என்றும், பெரிய நகரக் கல்லூரிகளுக்கும் சிற்றூர்க் கல்லூரிகளுக்கும் இடைவெளி கூடும் என்றும் அஞ்சினர். தன்னாட்சிக் கல்லூரிகள் பெருகிவிட்ட இன்றும் இக்கேள்விகள் உயிரோடு உள்ளன.

'செய்யக் கற்றல்' அறிக்கை

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வியில் 1978 ஒரு திருப்புமுனை. அதுவரை பதினோரு ஆண்டுப் பள்ளிப்படிப்பு, கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு, பின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்று இருந்தது. அவ்வாண்டு முதல் பத்தாம் வகுப்பும் அதன்பின் இரண்டாண்டு மேல்நிலைக் கல்வியும் என மாறியது. மேல்நிலைக் கல்வியின் முதல் பொதுத்தேர்வு 1980இல் நடந்தது.

அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன கற்றுத்தர வேண்டும் என்பதை ஆராய மத்திய அரசு தேசிய மறு ஆய்வுக் குழு ஒன்றை ஆதிசேசையாவின் தலைமையில் அமைத்தது. குழுவின் அறிக்கை 'செய்யக் கற்றல்' என்ற தலைப்பில் 1978இல் வந்தது. மேல்நிலைக் கல்வியில் பொதுக்கல்விப் பிரிவு, தொழிற்கல்விப் பிரிவு என இரண்டு இருக்கலாம் என்றது. தொழிற்பிரிவில் எதைக் கற்பிப்பது என்பதை அந்தந்த வட்டாரத்தில் என்ன வேலைவாய்ப்பு உள்ளது என்று கணக்கெடுத்தபின் முடிவுசெய்ய வேண்டும் என்றது. வேளாண்மைக்கும் ஊர்ப்புறத் தொழில்களுக்கும் முதலிடம் தரவேண்டும், அத்தொழில்களில் இருப்பவர்களையே பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்தலாம், தொழிற்பிரிவில் படித்தவர் விரும்பினால் மேற்படிப்புக்குச் செல்ல வழி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

இந்தப் பரிந்துரையின் கனம் தமிழ்நாட்டில் வேறு மாநிலங்களைவிட அதிகமாக உணரப்பட்டது. இராஜாஜி 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்க வேண்டும் என்று இருந்தது. அதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்துப் பெரும் போராட்டம் நடந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அதைக் கைவிட்டார். ஆகவே, பள்ளியில் தொழில் கற்றுத்தருவது என்று யார் சொன்னாலும், 'யார் வீட்டுப் பிள்ளைக்குத் தொழில், யார் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி?' என்ற கேள்வி தமிழ்நாட்டில் உடனே எழும். அது நியாயமான கேள்வியும்கூட.

ஆதிசேசையா குழுவின் திட்டம் இராஜாஜியின் திட்டத்திலிருந்து அடிப்படையில் மாறுபட்டது. பத்தாண்டுப் பொதுக்கல்வி எல்லாருக்கும் ஒன்றே. தொழிற்பிரிவு அதன்பிறகே வருகிறது. மாணவர் தாமே தேர்ந்தெடுக்கலாம். பெற்றோரின் தொழிலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. கல்லூரிக் கதவும் மூடப்படவில்லை.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் 1978 முதலே தொழிற்பிரிவுகள் தொடங்கின. தட்டச்சு, கணக்குப்பதிவு, வேளாண்மை, பொது இயந்திரவியல், மின் சாதனங்கள், தையல், செவிலியம் போன்ற பாடங்கள் வந்தன. ஆனால் நடைமுறை வேறு பக்கம் திரும்பியது. பல பள்ளிகளில் பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்கு ஒதுக்கப்படும் பிரிவாக அது ஆயிற்று. பயிற்சிக்கூடமும் கருவிகளும் போதவில்லை. தொழிற்கல்வி ஆசிரியர் பலர் நெடுங்காலம் பகுதிநேர ஊதியத்தில் இருந்தனர். ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாத பள்ளிகளில் பிரிவுகள் சுருங்கின. பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் தொழிற்பிரிவினருக்குச் சிறு ஒதுக்கீடு கிடைத்தது ஒரு நல்ல விளைவு.

நாடு முழுவதும் இதே கதைதான். 1986இன் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவருள் 10 விழுக்காட்டினரை 1990க்குள்ளும் 25 விழுக்காட்டினரை 1995க்குள்ளும் தொழிற்பிரிவுக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை.

பொருளியல் கருத்துகள்

குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டு 1978 முதல் 1984 வரை ஆதிசேசையா மாநிலங்களவையில் இருந்தார். பொருளாதாரத்தைப் பொதுமக்கள் முன் விளக்கும் பணியில் அவருடைய முக்கியமான பங்களிப்பு, ஆண்டுதோறும் புதுதில்லி இந்தியப் பன்னாட்டு மையத்தில் அவர் ஆற்றிய 'நடு ஆண்டு மதிப்பாய்வு' உரை. அரசின் பொருளாதார ஆய்வறிக்கை வரவுசெலவுத் திட்டத்தை ஒட்டி ஆண்டுக்கு ஒருமுறை வரும். அதற்கு இடையில், நிதியாண்டின் நடுவில், அறுவடை எப்படி, ஆலை உற்பத்தி எப்படி, விலைவாசி எங்கே போகிறது என்று அரசுக்கு வெளியே இருந்து ஒருவர் கணக்குப் பார்த்துச் சொல்வதே இந்த மதிப்பாய்வு. உரைகள் நூல்களாக வெளிவந்தன. அவர் மறைவுக்குப் பின்னும் அவர் பெயரால் இந்நிகழ்ச்சி தொடர்ந்தது.

ஆதிசேசையா திட்டமிடலில் நம்பிக்கை கொண்டவர். வறுமை ஒழிப்பில் அரசுக்கு முதன்மைப் பொறுப்பு உண்டு என்றார். அதே வேளையில் திட்டங்கள் தில்லியில் மட்டும் வகுக்கப்படுவதை ஏற்கவில்லை. மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் திட்டமிடும் திறன் வளரவேண்டும் என்றார். மாநில அளவிலான ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அவர் தொடங்கியதன் காரணமும் இதுவே. சராசரி வருமானம் உயர்ந்துவிட்டது என்ற புள்ளிவிவரத்தோடு நின்றுவிடக் கூடாது, அடித்தட்டில் உள்ளவருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்து.

வயது வந்தோர் கல்வி

தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் தொடர்கல்வி வாரியத்தின் வழியாக ஆதிசேசையா இப்பணிக்குத் துணைநின்றார். யுனெஸ்கோவில் இருந்தபோது உலக அளவில் பேசிய செயல்முறை எழுத்தறிவைச் சொந்த மாநிலத்தின் மாலை நேர மையங்களில் பார்க்கும் வாய்ப்பாக அது அமைந்தது. கல்லூரி மாணவர்கள் இதில் பங்கேற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். மக்கள் வரிப்பணத்தில் படிப்பவர் படிக்காத ஒருவருக்காவது கற்றுக்கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது அவர் எண்ணம்.

1951இல் இந்தியாவின் எழுத்தறிவு 18 விழுக்காடு. 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 62.66 விழுக்காடாகவும் 2011இல் 80.09 விழுக்காடாகவும் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களில் பெண்களைப் பெருமளவில் ஈர்த்ததை ஆதிசேசையா தம் இறுதிக் காலத்தில் காண முடிந்தது.

தமிழாராய்ச்சி

தனிநாயகம் அடிகள் முதலியோர் 1964இல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினர். அதன் மூன்றாம் மாநாடு 1970இல் பாரிசில் நடந்தது. ஆதிசேசையா அப்போது யுனெஸ்கோவில் இருந்தார். சென்னை தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் உருவானபோது யுனெஸ்கோவின் ஆதரவு கிடைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

விருதுகள், மறைவு

இந்திய அரசு 1976இல் ஆதிசேசையாவுக்குப் பத்ம பூசண் விருது அளித்தது. 1994 நவம்பர் 21 அன்று மறைந்தார். எழுத்தறிவுப் பணிக்காக அவர் பெயரில் யுனெஸ்கோ 1998இல் அனைத்துலக விருது ஒன்றை ஏற்படுத்தியது. மால்கம் எலிசபெத் ஆதிசேசையா அறக்கட்டளை வளர்ச்சி ஆய்வில் சிறந்து விளங்கும் அறிஞர்களுக்கு விருது வழங்கி வருகிறது.

மதிப்பீடு

பெரும் கோட்பாட்டு நூல்களால் நினைவுகூரப்படும் பொருளியலாளர்கள் உண்டு. ஆதிசேசையா நிறுவனங்களாலும் அறிக்கைகளாலும் நினைவுகூரப்படுபவர். திட்டமிடலின் மீதும் நிபுணர் குழுக்களின் மீதும் அவர் தலைமுறைக்கு இருந்த நம்பிக்கை அவருக்கும் இருந்தது. நல்ல அறிக்கை ஒன்றை எழுதிவிட்டால் நிர்வாகம் அதை நிறைவேற்றும் என்ற எதிர்பார்ப்பு பலமுறை பொய்த்தது. கராச்சி இலக்கும் தொழிற்கல்வி இலக்கும் இதற்குச் சான்றுகள். தொழிற்கல்வித் திட்டத்தில் சாதி, வர்க்க ஏற்றத்தாழ்வு எவ்வாறு நுழையும் என்பதை அறிக்கையின் விதிகளால் மட்டும் தடுக்க முடியவில்லை.

எனினும் அவர் தொட்ட சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை மீண்டும் தொழிற்கல்வியை முன்வைத்தபோது, தமிழ்நாட்டில் குலக்கல்வி என்ற சொல் மீண்டும் ஒலித்தது. பத்தாம் வகுப்பு வரை சமமான பொதுக்கல்வி, அதன்பின் மாணவரின் சொந்தத் தேர்வு, எந்தப் பிரிவிலிருந்தும் மேற்படிப்புக்கு வழி என்ற 1978ஆம் ஆண்டு அறிக்கையின் மூன்று நிபந்தனைகள் அந்த விவாதத்துக்கு இன்றும் பயன்படும் அளவுகோல்கள்.

1993இல் ராஜா செல்லையா சென்னைப் பொருளியல் பள்ளியை நிறுவினார். அடையாற்றுக்கு அருகே கோட்டூர்புரத்தில் இயங்கும் அப்பள்ளியோடு சேர்த்துத் தென்சென்னை பொருளியல் ஆய்வுக்குப் பெயர்பெற்ற பகுதியாகியுள்ளது. அதற்குத் தொடக்கமாக அமைந்தது காந்தி நகரின் அந்த வீடு. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் அதே முகவரியில் இயங்கி, முனைவர் பட்ட ஆய்வாளர்களைப் பயிற்றுவித்து வருகிறது.